பின்னறைக்குக் கீழே ஒரு குழாய்

"உள்ள வாங்கன்னு சொல்லமாட்டேன், கோச்சுக்காதீங்க."

மூலை வீட்டு அக்கா என்னிடம் முதன்முதலாகச் சொன்னது அதைத்தான். லகாட் பக்கம் அந்தப் பழைய தாமான் குடியிருப்பில் நாங்கள் வீடு வாங்கிக் குடிவந்த வருடம். தீபாவளிக்கு முதல் நாள் முறுக்கும் நெய் உருண்டையும் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறந்து வெளியே வந்தவர், அதைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்திவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு சிரித்த முகத்தோடு அப்படிச் சொன்னார். நான் என்ன பதில் சொல்வதென்று யோசிப்பதற்குள் உள்ளே போய், தட்டைக் கழுவித் துடைத்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

"வெறும் தட்டு குடுக்கக் கூடாதுலா. பிள்ளைங்களுக்குக் குடுங்க."

அக்கா இப்போது இல்லை. இறந்துபோய்விட்டார். வீடும் கைமாறிவிட்டது. அத்தனை வருடம் ஒரே வரிசையில் குடியிருந்தும் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, சாக்கடைக் குழாய் மாற்றிய அந்த ஒரு மழைக்காலத்தில் தெரிந்துகொண்டதுதான்.

குள்ளமான உருவம். ஐம்பதைத் தாண்டியிருக்கும். பள்ளிக்கூடக் கண்டீனில் சமையல் வேலை. கைகளில் முழங்கை வரைக்கும் எண்ணெய் தெறித்த வடுக்கள். காலையில் இருட்டோடு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பிற்பகல் ஒரு மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. கடைசிப் பாட்டு பாடி முடிப்பதற்குள் அக்கா வண்டியைக் கிளப்பிவிடுவார் என்று பக்கத்து வீட்டு லாரி அண்ணனின் மனைவி சொல்வார். அவரும் அதே கோயில்தான். ஜெபக் கூட்டம் ஒவ்வொரு மாதம் ஒருவர் வீட்டில் நடக்கும். அக்காவின் முறை வந்தபோது, "கோயில் மண்டபத்துல வச்சிக்கலாம், பலகாரச் செலவு முழுசும் என்னோடது" என்று முடித்துவிட்டாராம்.

கேஸ் தோங், கேஸ் சிலிண்டர்தான், கொண்டுவரும் ஆளைக்கூட அவர் கேட்டோடு நிறுத்திவிடுவார். புதுத் தோங்கைத் தானே சாய்த்து உருட்டிக்கொண்டு உள்ளே போவார், காலித் தோங்கை அதே மாதிரி உருட்டிக்கொண்டு வருவார். அந்த ஆள் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருப்பான். உதவி என்று யாராவது வாயெடுத்தால் அக்காவுக்கு ஒரே பதில்தான். "நான் பாத்துக்கிறேன்லா."

உள்ளே ஒரு தம்பி இருப்பது எல்லோருக்கும் தெரியும். மாதத்தில் ஒருநாள் விடியும் முன்னால் வாடகைக் கார் வந்து நிற்கும். தொப்பி போட்ட ஒல்லியான ஆளைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு அக்கா தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிக்குப் போவார். மருந்து வாங்கிக்கொண்டு வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் பின்னறையில் ஓடும் ரேடியோவும், கொடியில் காயும் வெள்ளை பனியன்களும்தான் அந்தத் தம்பி. ஒருநாள் என் பெரிய மகள் கேட்டை ஒட்டி நின்று உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறாள். அக்கா அவளைத் திட்டவில்லை. கையில் ஐஸ் மிட்டாய் ஒன்றைக் கொடுத்து, தோளைப் பிடித்துத் திருப்பி, எங்கள் வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மகள் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது என்று பல வருடம் கழித்துச் சொன்னாள்.

நாங்கள் குடிவந்து சில வருடம் கழித்து ஒரு அக்டோபரில், மழை பிடித்த சமயத்தில், எங்கள் வீட்டுக் கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் குளுகுளுவென்று சத்தம் போட ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் சத்தம் மட்டும்தான். நடுவில் இருந்த லாரி அண்ணன் வீட்டுக் குளியலறையில் கழிவு மேலே பொங்கி வந்தது. அந்த வீட்டில் அப்படி வரவே கூடாது. சீனி வியாதியில் அண்ணன் மனைவிக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி குளியலறைக்குள் போகும் மனுஷி. புண் இன்னும் சரியாக ஆறவில்லை.

கழிவுநீர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பின்சந்தில் இருந்த மேன்ஹோல் மூடியைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே காய்ந்து கிடந்தது. "எங்க குழாய் நல்லா இருக்கு. அடைப்பு வீட்டு எல்லைக்குள்ள. அது வீட்டுக்காரங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வீடு கட்டிய காலத்தில் போட்ட மண்குழாய் அது. எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கீழே ஆரம்பித்து, லாரி அண்ணன் வீட்டைக் கடந்து, அக்கா வீட்டின் கொல்லை வழியாகப் போய் மேன்ஹோலில் சேர்கிறது. கொல்லை என்று இப்போது ஒன்றும் இல்லை. அந்த இடத்தில்தான் அக்கா தம்பிக்காக அறை கட்டியிருந்தார். முன்பு அவர் வேலை செய்த தோட்டத்தை மூடியபோது கிடைத்த காசில் கட்டியது.

என் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவருக்குத் தெரிந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், குழாய் வேலை குத்தகை எடுப்பவர். அவரைக் கூட்டிவந்தார். நீளமான கம்பி நுனியில் சின்ன கேமராவைக் கட்டி, லாரி அண்ணன் வீட்டுக் குழாய்க்குள் விட்டார் தவுக்கே. நாங்கள் எல்லோரும் சின்னத் திரையைச் சுற்றி நின்று பார்த்தோம். தலைமுடி மாதிரி வேர்கள் தொங்கின. அப்புறம் நொறுங்கிய ஓட்டுத் துண்டுகள், சேறு. அதற்கு மேல் கேமரா போகவில்லை. தவுக்கே அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு பின்சந்து வழியாக நடந்து, அக்காவின் பின்னறைச் சுவருக்கு எதிரே நின்று காலால் தரையைத் தட்டினார்.

"சினி பெச்சா. இங்கதான் ஒடஞ்சிருக்கு. ரூம் கீழே."

அறையின் தரையை உடைத்து, மொத்தக் குழாயையும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றிப் போட ஒன்பதாயிரம் வெள்ளி கேட்டார். மூன்று வீடும் பங்கு போட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு அது பெரிய காசுதான். நான் கையுறை ஆலையில் இரவு வேலை எடுத்துச் சமாளிக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ரூம்ல கை வைக்க வேணாம்" என்றார் அக்கா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"வேற வழி இருக்கா தவுக்கே?"

தவுக்கே தலையைச் சொறிந்தார். வழி இருக்கிறது, பின்சந்தில் அறைச் சுவருக்கு வெளியே ஆழமாகத் தோண்டிச் சுற்றிக்கொண்டு போகலாம், ஆனால் பக்கத்தில் பெரிய கால்வாய் இருக்கிறது, மண் சரியாமல் பலகை அடிக்கவேண்டும், சிமெண்டு போட்டு மூடவேண்டும், இருபதாயிரத்துக்கு மேலே போகும் என்றார்.

லாரி அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்மா, உன் ரூமுக்குள்ள அப்பிடி என்னா இருக்கு? ராஜாவோட இஸ்தானாவா? என் வீட்ல ஒரு மனுஷி ஒத்தக் காலோட பீத்தண்ணில ஒக்காந்திருக்கா. நீ தரைய ஒடைக்கக் கூடாதுங்கிற!"

அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க ரெண்டு வீடும் மூவாயிரம் மூவாயிரம் குடுங்க. அதுதான உங்க பங்கு. மிச்சம் எவ்வளவு ஆனாலும் நான் பாத்துக்கிறேன்."

"எங்கேருந்து கொண்டு வருவீங்க?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"சேமநிதி இருக்குலா. எடுத்துக்கலாம்."

பிறகு கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். வயதான காலத்துக்கென்று அவரிடம் இருந்தது அந்தப் பணம் ஒன்றுதான் என்பது எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அதைச் சொல்லி யாரும் தடுக்கவில்லை. லாரி அண்ணன் மட்டும் சாலையில் நின்று ரொம்ப நேரம் கத்திக்கொண்டிருந்தார்.

பணம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் அக்கா செய்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். இரவு வேலை முடிந்து நான் தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கும் நேரத்தில், அவர் வாளியும் பினாயிலும் எடுத்துக்கொண்டு லாரி அண்ணன் வீட்டுக்குள் போய்க்கொண்டிருப்பார். ரப்பர் பூட்ஸ் போட்டு, புடவைத் துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, குளியலறையில் பொங்கிக் கிடப்பதை வாரி, பின்சந்து மேன்ஹோலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, தரையைத் தேய்த்துக் கழுவி, காயத் துடைப்பார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கண்டீனுக்குக் கிளம்புவார். ஒருநாள்கூடத் தவறவில்லை.

அண்ணன் மனைவி என்னிடம் அழுதார். "வேணாம்னு சொன்னா கேக்க மாட்டேங்குது. 'எங்களாலதான உங்களுக்கு இந்தக் கஷ்டம், அப்ப நான்தான கழுவணும்'னு சொல்லுது. எனக்குக் கூசுதும்மா. சொந்த மருமக செய்யமாட்டா இத."

முதல் வாரம் முடிவதற்குள் லாரி அண்ணன் கத்துவதை விட்டுவிட்டார். அக்கா வரும் நேரத்துக்குச் சரியாகச் சிகரெட் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

நான் ஒருநாள் காலையில் அக்காவை வழிமறித்துக் கேட்டேவிட்டேன். "ரெண்டு மூணு நாள் வேலைதானக்கா. தம்பிய அதுவரைக்கும் முன்னறையில வச்சிருந்தா என்ன?"

வாளியைக் கீழே வைத்தார். "அவன் சிங்கப்பூர்ல வேல செஞ்ச பையன்ம்மா. திடீர்னு ஒருநாள் கூட்டாளிங்க கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. யாரையும் அடையாளம் தெரியல. அப்புறம் ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரி. அங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. ஆனா நான் பாத்துட்டு கெளம்புற ஒவ்வொரு தடவையும் கைய விடமாட்டான். வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றப்ப சொன்னேன், இனிமே நீ எங்கயும் போகவேணாம், இதுதான் உன் எடம், யாரும் உன்ன அசைக்க மாட்டாங்கன்னு." வாளியை மறுபடி எடுத்துக்கொண்டார். "சத்தம் ஆகாது அவனுக்கு. புது ஆளு ஆகாது. எனக்குத் தெரியும்லா."

பணம் வந்தது. தவுக்கே இரண்டு வங்காளதேச ஆட்களோடு பின்சந்தில் தோண்ட ஆரம்பித்தார். இடுப்பளவு ஆழம் வரைக்கும் சிவப்பு மண்தான். இரண்டாம் நாள் பிற்பகலில் கடப்பாறை எதிலோ பட்டு மணி அடித்த மாதிரி ஒலித்தது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் வெள்ளைப் பாறை. சந்தின் இந்தக் கோடியில் தட்டினாலும் அதே சத்தம், அந்தக் கோடியில் தட்டினாலும் அதே சத்தம். ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அதே மலை எங்கள் காலுக்குக் கீழேயும் படுத்துக்கிடக்கிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை.

குழாய் சரிவாக இறங்கவேண்டுமானால் இன்னும் ஆழம் போகவேண்டும். பாறையை வெட்டப் பெரிய இயந்திரம் வேண்டும். அதற்கு என்ன ஆகும் என்று அக்கா கேட்டபோது தவுக்கே தொகையைச் சொல்லவில்லை. "வேணாம் அக்கா. வீட்டையே விக்கணும்" என்று மட்டும் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பழைய குழாய் போன பாதையில் மட்டும்தான் அந்தக் காலத்திலேயே பாறையை வெட்டி வழி செய்திருக்கிறார்கள். போனால் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

மழை பிடித்துக்கொண்டது. ஆட்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு தவுக்கேயின் லாரிக்கு ஓடினார்கள். அக்கா குடை இல்லாமல் பள்ளத்தின் ஓரத்திலேயே நின்றிருந்தார். பள்ளம் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்மண் தண்ணீரால் நிறைந்தது. அதுவரை தோண்டிய கூலி அவருடைய சேமநிதியிலிருந்து போனதுதான். தவுக்கே தன் லாபத்தை எடுத்துக்கொள்ளவில்லை, ஆட்களின் சம்பளத்தை மட்டும்தான் வாங்கினார்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு அக்கா எங்கள் கேட்டுக்கு வந்தார். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது.

"ஒரு ஒதவி கேக்கணும்."

"கேளுங்கக்கா."

கேட்கவில்லை. கேட்டின் கம்பியில் பெயிண்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"தம்பிய உங்க வீட்ல மூணு நாள் வச்சிக்கிறீங்களா? என் முன்னறைல சத்தம் காதப் பொளக்கும். வேற யார் வீட்லயும் கேக்க முடியாது."

என் கணவரோடு உள்ளே போய்ப் பேசினேன். "பொம்பளப் பிள்ளைங்க இருக்கிற வீடு" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பேசிப் பேசிக் கடைசியில், பிள்ளைகள் இரண்டையும் ஈப்போ டவுனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு அனுப்புவது, இரவில் கணவர் முன்னறையிலேயே படுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். வெளியே வந்து சரி என்றேன். அக்கா நன்றி சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அக்கா தம்பியை அழைத்துக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, மழித்த முகம். புதுச் சிலிப்பரில் விலை ஒட்டிய தாள்கூட இன்னும் உரிக்கவில்லை. முப்பது அடி தூரம்தான். அந்த மனிதர் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து நடந்தார். என்னைக் கண்டதும் கைகூப்பி, "வணக்கம்ங்க. தொந்தரவு குடுக்குறோம்" என்றார்.

அக்கா என்னைத் தனியாக அழைத்து வரிசையாகச் சொன்னார். எட்டு மணிக்கு மாத்திரை. கத்தி எதுவும் கண்ணில் படக்கூடாது. நாய் குரைத்தால் ஜன்னலைச் சாத்தவேண்டும். பழசு எதுவும் கேட்கக்கூடாது. பேசினால் பேசலாம், பேசாவிட்டால் விட்டுவிடவேண்டும்.

அறையிலிருந்து கட்டிலையும் மெத்தையையும் வெளியே தூக்க ஆள் வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் என்னையும் உள்ளே கூப்பிட்டார். அந்த அறை நான் நினைத்த மாதிரி இல்லை. வழவழப்பான சிவப்புத் தரை, வெளுத்த விரிப்பு, அடுக்கி வைத்த துணிகள், மாதா படம், ரேடியோ. என் வீட்டில் எந்த அறையும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. மெத்தையைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாகத் திரும்பும்போது என் தோள் கதவில் இடித்தது. அப்போதுதான் பார்த்தேன். கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள். அதன் குமிழ் பல வருடம் கைபட்டு வெள்ளியாக மின்னியது.

நான் பார்த்ததை அக்கா பார்த்துவிட்டார்.

"மொதல்ல மொதல்லதான். ராத்திரில எந்திரிச்சுப் போயிடுவான். ஒரு தடவ ரயில் ரோட்டுல போய் நின்னுட்டான்."

"இப்ப?"

அக்கா தலையணையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துவிட்டார்.

பத்து மணிக்கு உடைக்கும் இயந்திரம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக் கண்ணாடி தம்ளர்கள்கூட நடுங்கின. நாற்காலியில் உட்கார்ந்திருந்த தம்பி முதல் சத்தத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் போனது. தோள் தளர்ந்தது. "அது என்னா மெஷின்ங்க?" என்று என் கணவரைக் கேட்டார். கணவர் சொன்னார். "பாக்கலாமா?" என்றார்.

கணவர் அவரைப் பின்சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பேரும் சுவரை ஒட்டி நின்று, அறைத் தரை துண்டு துண்டாகப் பெயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா உள்ளேயிருந்து ஏதோ எடுக்க வந்தவர் தம்பியைக் கண்டதும் கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"யாரு இவன வெளிய கூட்டிட்டு வந்தது? யாரு?"

இயந்திரம் நின்றது. தவுக்கே, ஆட்கள், என் கணவர் எல்லோரும் அப்படியே நின்றார்கள். தம்பிதான் பேசினார். "நான்தான்க்கா வந்தேன்." அக்கா பாய்ந்துவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அவரும் ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே போனார்.

அன்று இரவு தம்பி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். என் கணவரோடு பந்து விளையாட்டைப் பற்றிப் பேசினார். ரேடியோவில் கேட்டுக் கேட்டு எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். என் கணவர் ஏதோ சொல்லச் சிரிக்கவும் செய்தார். அக்கா சொன்னதை மறந்து நான் கேட்டுவிட்டேன். "அவ்வளவு சத்தம், பயமா இல்லியாண்ணே?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "மொதல்ல திக்குன்னுச்சி. அப்புறம் இல்ல. அக்காவுக்குத்தான் பயம். நான் பயந்துருவேன்னு அது பயப்படும். அது பயப்படுதேன்னு நான் உள்ளயே இருந்துட்டேன்."

எங்கள் வாசலில் அக்கா நின்றிருந்தார். தம்பிக்குப் பால் கொண்டுவந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. பிளாஸ்க்கை மேசையில் வைத்து, "சூடா இருக்கு, ஆத்திக் குடி" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார்.

மூன்றாம் நாள் புதுக் குழாய் போட்டு மூடி, தரைக்குச் சிமெண்டு பூசினார்கள். லாரி அண்ணன் வீட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஒரே மூச்சில் இறங்கிப் போனது. அண்ணன் மனைவி நாற்காலியில் இருந்தபடியே கைதட்டினார். தவுக்கே கழற்றி வைத்திருந்த கதவை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளையும் நான்கு திருகாணிகளையும் உள்ளங்கையில் வைத்து அக்காவிடம் நீட்டினார்.

"இனி மாவ் பாசாங் பாலேக்கா?" இதையும் திருப்பி மாட்டவா என்று கேட்டார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து தம்பி பதில் சொன்னார். "தாக் பாயாலா, தவுக்கே." வேண்டாம் என்று. குரலில் கோபம் எதுவும் இல்லை. கடையில் பை வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்வோமே, அப்படித்தான் சொன்னார்.

தவுக்கே அக்காவைப் பார்த்தார். அக்கா ஈரச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவுக்கே தாழ்ப்பாளைத் தன் சாமான் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்காவின் தம்பி மாலையில் எங்கள் கேட்டுவரை வர ஆரம்பித்தார். வேன் கழுவும் என் கணவரோடு நின்று பேசுவார். அக்கா தன் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டேயிருப்பார். கிறிஸ்துமசுக்கு அவர்களுடைய பெரியண்ணன் மகன் பாரிட் புந்தாரிலிருந்து வந்தான். அங்கே அவனுக்குக் கோழிக்கடை. சித்தப்பாவை ஒரு வாரம் கூட்டிப்போகிறேன் என்றான். போனவர் திரும்பி வரவில்லை. கடையில் காசு வாங்கிப் போடுகிறார், நன்றாக இருக்கிறார் என்று செய்தி வந்தது.

அக்கா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க எதாச்சும் சொல்லிக் குடுத்தீங்களா அவனுக்கு?"

"இல்லக்கா. சத்தியமா."

நம்பினாரா என்று தெரியவில்லை. இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

பிறகு ஒருநாள் அதிகாலையில் அவசர அவசரமாக ரயில் ஏறப் போனார். அங்கே தம்பி மாத்திரையை நிறுத்திவிட்டிருக்கிறார். யாரும் கவனிக்கவில்லை. கடையில் ஒருநாள் ஏதேதோ பேசிக் கத்தியிருக்கிறார். பெரியண்ணன் மகன் பயந்துபோய் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறான். அக்கா அங்கேயே மூன்று வாரம் இருந்து, ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே கிடந்து, தெளிந்ததும் தம்பியை ஈப்போவுக்கு அழைத்து வந்தார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த அறைக்கு மறுபடி வந்துவிட்டாரே என்று நினைத்தேன். அக்கா முகத்தில் பழைய சுறுசுறுப்பு வந்திருந்தது. மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டினார்.

நான்கே நாள்தான். ஐந்தாம் நாள் பிற்பகல், நான் கேட்டைப் பூட்டப் போனபோது அக்கா மட்டும் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளைக் காணோம்.

"என்னக்கா, நடந்து வாரீங்க?"

"ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்துட்டேன் போல." அப்போதுதான் அவருக்கே அது நினைவுக்கு வந்தது. "தம்பிய ரயில் ஏத்திவிட்டேன். அங்கதான் இருப்பேன்னுட்டான். மாத்திரைய ஒழுங்கா எடுத்துக்கிறேன், நீ மாசத்துக்கு ஒரு தடவ வந்தா போதும்னுட்டான்."

"அழுதாரா?"

"ம்ஹூம். ஜன்னல் பக்கம் எடம் கெடச்சிருச்சி. அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தான்."

அக்கா சாப்பிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்து, சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டேன். மறுக்காமல் சாப்பிட்டார். இரண்டாம் முறை தானே குழம்பை ஊற்றிக்கொண்டார். பாதிச் சோற்றில் கை நின்றது.

"நான் அவன இத்தன வருஷமா அடச்சி வச்சிட்டேனாம்மா?"

நான் எதிர்பார்க்கவில்லை. அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நீங்க இல்லாட்டி அவரு இன்னிக்கு உயிரோட இருப்பாராக்கா? ரயில் ரோட்டுல நின்னவரு."

அக்கா தலையை ஆட்டினார். "அது சரிலா. ஆனா நான் கேட்டது அது இல்ல."

நான் இன்னும் கொஞ்சம் சோறு போடக் கரண்டியை எடுத்தேன். அக்கா கையால் தட்டை மறைத்துக்கொண்டார். பிறகு மிச்சச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டு முடித்து, வண்டியை எடுத்துவர ஸ்டேஷனுக்கு என் கணவரின் வேனில் ஏறிப் போனார்.